உறை பருமனா, செம்பு பருமனா?

மைத்துனர் வீட்டு ஹாலில் ஹோம் தியேட்டருக்கென்று ஐந்து ஸ்பீக்கரும், தாழ் ஒலிக்கு ஒரு சப்வூஃபரும் வந்து இறங்கிய வாரம். பின்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டும் முணுமுணுக்கின்றன என்று என்னை அழைத்தார். படத்தில் மழை பெய்தால் டிவிக்கு முன்னால் கொட்டுகிறதாம், முதுகுக்குப் பின்னால் தூறலோடு நின்றுவிடுகிறதாம். ஸ்பீக்கரில் குறையா, எல்லாவற்றுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் குறையா என்று இரண்டு கடைகளுக்கு ஏறி இறங்கியிருந்தார். நான் போய்ப் பின்பக்க வயரின் நுனியை உரித்தேன். வெளியே பென்சில் பருமனில் பளபளக்கும் வயர். உள்ளே தலைமுடி போல ஒரு கொத்து இழை. பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் உதிர்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. அது அலுமினியம். “தடிமனாகத்தானே இருக்கிறது?” என்றார் மைத்துனர். தடிமனாகத்தான் இருந்தது, பிளாஸ்டிக்.

ஸ்பீக்கர் வயருக்குக் கொடுக்கும் காசு செம்புக்குப் போக வேண்டும். சந்தையின் இரண்டு கோடிகளிலும் அது செம்புக்குப் போவதில்லை. கீழ்க்கோடியில் பிளாஸ்டிக் உறைக்குப் போகிறது. மேல்கோடியில் அட்டைப்பெட்டிக்கும் அதன் மேல் அச்சடித்த பேச்சுக்கும் போகிறது. நடுவில், எலக்ட்ரிகல் கடையின் பின்கட்டில், சுருள் சுருளாக நல்ல செம்பு நியாய விலையில் தொங்குகிறது. அதை ஹோம் தியேட்டருக்கு என்று யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

ஸ்பீக்கர் வயரின் வேலை ரொம்பச் சாதாரணமானது. ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வர வேண்டும். வழியில் அது எவ்வளவு தின்கிறது என்பதே கேள்வி, தின்பது அதன் மின்தடை. ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 8, 6 அல்லது 4 ஓம். வயரின் தடை அதில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் போதும் என்பது பொறியாளர்கள் வெகுகாலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. அந்த ஐந்து சதவீதத்தில் குறையும் ஒலி அரை டெசிபலுக்கும் கீழே. ரிமோட்டில் ஒருமுறை ஒலியைக் கூட்டுவதைவிடச் சிறிய மாற்றம் அது.

வயரின் தடை நீளத்தோடு கூடும், பருமனோடு குறையும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நம் எலக்ட்ரீஷியன்கள் ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்று சொல்வது, கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். 2.5 ஸ்கொயர் என்றால் சுமார் 8 ஓம். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் மின்னோட்டம் போக 10, வர 10 என்று 20 மீட்டர் கடக்கிறது. இந்தப் போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒன்றரை ஸ்கொயர் வயரில் 8 ஓம் ஸ்பீக்கரை 15 மீட்டர் வரை தள்ளி வைக்கலாம், 6 ஓம் ஸ்பீக்கரை 11 மீட்டர், 4 ஓம் ஸ்பீக்கரை ஏழரை மீட்டர். அதைத் தாண்டினால் 2.5 ஸ்கொயர் வாங்குங்கள். முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களும் ரிசீவரிலிருந்து மூன்று நான்கு மீட்டருக்குள் இருப்பவை, அவற்றுக்கு 1 ஸ்கொயரே தாராளம். நாம் செய்வது தலைகீழ். முன்னால் இருப்பவை கண்ணுக்குத் தெரிகின்றன என்று அவற்றுக்குப் பருமனான வயரையும், சோபாவுக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று நீளமான ஓட்டத்துக்கு மெலிந்ததையும் போடுகிறோம்.

மைத்துனர் வீட்டில் பின்பக்க ஓட்டம் சுவரைச் சுற்றிக்கொண்டு 14 மீட்டர். இருந்த வயரில் உலோகம் ஏறக்குறைய 0.4 ஸ்கொயர், அதுவும் அலுமினியம். கணக்குப் போட்டால் 1.8 ஓம் வருகிறது. ஸ்பீக்கர் 6 ஓம். ஆம்ப்ளிஃபயர் அனுப்பியதில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தி பத்தில் நான்கு பங்கு குறைந்துபோனது, டெசிபலில் இரண்டுக்குச் சற்று மேல். இன்னொன்றும் உண்டு. ஸ்பீக்கரின் தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது, ஓரிடத்தில் 4, ஓரிடத்தில் 20 என்று ஏறி இறங்கும். வயரின் தடை பெரிதானால் இழப்பும் அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடும். ஒலி குறைவதோடு அதன் குணமும் கொஞ்சம் மாறும். ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலி அளவையும் நேர்செய்திருந்தால் ஒலிக் குறைவாவது சரியாகியிருக்கும். அந்த மைக்கை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்பது தனிக் கதை.

கடையில் வயர் கேட்கும்போது சதுர மில்லிமீட்டரில் பேசுபவர்கள் ஒரு பாதி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உருளையிலிருந்து மீட்டர் கணக்கில் அளந்து வெட்டித் தருபவர்கள் இன்னும் ‘14/36’, ‘23/36’, ‘40/36’ என்று சொல்வார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது ஒவ்வோர் இழையின் கேஜ், பழைய பிரிட்டிஷ் அளவு. 36 கேஜ் என்றால் இழையின் விட்டம் 0.193 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 14/36 வெறும் 0.4 ஸ்கொயர், 23/36 முக்கால் ஸ்கொயருக்கும் கீழே, 40/36 ஏறக்குறைய 1.2, 70/36 இரண்டுக்குச் சற்று மேல். இணையத்தில் வாங்கும் வயர்களில் 16 கேஜ், 14 கேஜ் என்று போட்டிருப்பது அமெரிக்க அளவு. அதில் 16 என்பது 1.3 ஸ்கொயர், 14 என்பது 2.1. இரண்டு கேஜும் வேறு வேறு, ஆனால் இரண்டிலும் எண் கூடக் கூட வயர் மெலியும். இதைத் தெரியாமல் ‘பெரிய நம்பராகக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிப் போனவரைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சிரிக்காமல் வெட்டிக் கொடுத்தார்.

இனி அந்த அலுமினிய விவகாரம். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்தி இழுத்த வயர் இது, வணிகத்தில் சி.சி.ஏ. என்பார்கள். இது தன்னளவில் மோசடி இல்லை. எடை குறைவு, விலை குறைவு, சில வேலைகளுக்குப் பொருத்தம். அதே பருமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. அப்படிச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் ஒரு அளவு பெரியதாக வாங்கிச் சமாளிக்கலாம். சொல்லாமல் செம்பின் இடத்தில் விற்பதுதான் தப்பு. ஒளி ஊடுருவும் உறைக்குள் ஒரு பக்கம் செம்பு நிறம், மறுபக்கம் வெள்ளி நிறம் என்று அழகாகத் தெரியும் வயர்களில் இது நிறைய ஓடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அலுமினியம். மேலே வெள்ளையும் உள்ளே செம்பும் என்றால் அது ஈயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு, பயப்பட வேண்டாம். தீக்குச்சியோ லைட்டரோ காட்டினால் மெல்லிய அலுமினிய இழை 660 டிகிரியிலேயே துவண்டு உருகும். செம்பு 1085 டிகிரி வரை தாங்கும், சிவந்து நிற்கும். கடையிலேயே பார்க்க வேண்டுமானால் எடையைப் பாருங்கள். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஒன்றரை ஸ்கொயர் இரட்டை வயர் 10 மீட்டரில் செம்பு மட்டுமே கால் கிலோவைத் தாண்டும், செம்பு போர்த்திய அலுமினியம் அதே நீளத்துக்கு 100 கிராம்தான். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். பாத்திரக் கடையில் அண்டாவைத் தூக்கிப் பார்த்து வாங்கும் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்டிமீட்டரை நம்பி மட்டும் போகாதீர்கள். அதன் இரண்டு ஒயர்களின் தடையே அரை ஓம் வரை காட்டும், நாம் அளக்க நினைப்பது அதைவிடச் சிறிது.

என்னைக் கேட்டால், ஹோம் தியேட்டருக்கு மிக மலிவான நல்ல வயர் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் வயர்தான். ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வருவது, செம்பின் தடைக்கு அந்தத் தரநிலையே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ‘ஆடியோ கிரேடு’ என்று எழுதிய வயருக்கு அப்படி யாரும் பொறுப்பேற்பதில்லை. வழக்கமான காயில் 90 மீட்டர். மைத்துனர் வீட்டுக்குத் தேவைப்பட்டது முன்னால் மூன்றுக்கும் சேர்த்து 12 மீட்டர், பின்னால் இரண்டுக்கும் 28 மீட்டர், ஆக 40 மீட்டர் இரட்டை ஓட்டம். ஒற்றை வயராக 80 மீட்டர். ஒரே காயிலில் மொத்த ஹாலும் முடிந்து பத்து மீட்டர் மிச்சம். பின்பக்க 14 மீட்டருக்கு மேலே போட்ட கணக்குப்படி 2.5 ஸ்கொயர் வேண்டும்தான். ஒன்றரையில் தடை ஐந்துக்குப் பதில் ஆறு சதவீதம், அந்த ஒரு சதவீதத்தை விட்டுவிட்டேன். இரண்டு வயர்களை ஒரு முனையில் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை டிரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் நிமிடத்தில் அழகான முறுக்கு வயர் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பும் கறுப்புமாக இந்த வயரைச் சுவருக்குள் கொண்டு போனால், ஐந்து வருடம் கழித்து வரும் எலக்ட்ரீஷியன் அதை ஃபேஸ், நியூட்ரல் என்று நினைப்பதில் தவறே இல்லை. உங்கள் ஸ்பீக்கருக்கு 230 வோல்ட் கொடுத்துவிடுவார். ஆகவே வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் ஒரே காயில் வாங்கி, ஒரு வயரின் இரு நுனிகளிலும் சிவப்பு டேப் சுற்றி, வயர் வெளிவரும் சுவர்ப் பெட்டிக்குள் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மின்சார வயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்கக் கூடாது. முரட்டுத்தனமாக இருக்கிறது, வளைந்து கொடுக்கவில்லை என்பவர்கள் 40/36 தட்டை இரட்டை வயர் வாங்கலாம், குறுகிய ஓட்டத்துக்கு அது போதும்.

அப்படியானால் விலை உயர்ந்த கேபிள் என்ற ஒன்று எங்கிருந்து வந்தது? 1970களின் இறுதி வரை அமெரிக்காவிலும் ஸ்பீக்கருக்குப் போட்டது மேசை விளக்கு வயரைத்தான். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்த நோயல் லீ என்பவர் பருமனான வயரைச் செய்து மான்ஸ்டர் கேபிள் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். மெலிந்த வயர் இருந்த இடத்தில் பருமனான வயர் வந்தால் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் கடைக்காரர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று புலப்பட்டது. ஆயிரம் டாலர் ஆம்ப்ளிஃபயரில் கிடைக்கும் லாப விகிதத்தைவிட ஐம்பது டாலர் வயரில் கிடைக்கும் லாப விகிதம் அதிகம். அதன்பின் வயர் மர்மப் பொருளாயிற்று.

1983இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் எது எந்த வயர் என்று சொல்லாமல் கேட்கவைத்துச் சோதித்தது. மிக மெலிந்த 24 கேஜ் வயரின் ஒலிக் குறைவைக் கேட்டவர்கள் பிடித்துவிட்டார்கள். 16 கேஜ் விளக்கு வயருக்கும் விலை உயர்ந்த வயருக்கும் இசையில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. மேலே போட்ட கணக்கு சொல்வதும் இதையேதான். 2007இல் மாயவித்தைக்காரரும் போலிகளைத் தோலுரித்தவருமான ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்தறிந்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். சோதனை நடக்கவே இல்லை.

விலை உயர்ந்த கேபிள் பெட்டியின் மேல் ‘ஆக்சிஜன் இல்லாச் செம்பு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மின்கம்பிக்குச் சாதாரணமாகப் பயன்படும் செம்பே 99.9 சதவீதம் தூய்மையானது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு அதைவிட ஒரு சதவீத அளவுக்குக் கூடுதலாக மின்னைக் கடத்தும். பத்து மீட்டர் வயரில் பத்து சென்டிமீட்டர் வெட்டியெறிந்தால் அதே பலன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் ஒரே உபயோகம், உள்ளே அலுமினியம் இல்லை என்று விற்பவர் எழுத்தில் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் தோலிலேயே ஓடும், அதனால் சிறப்பு வயர் தேவை என்பார்கள். நாம் கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில்கூட அந்தத் ‘தோல்’ செம்பில் அரை மில்லிமீட்டர் ஆழம். வீட்டு வயரில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

மைத்துனர் வீட்டுக் கோளாறில் பாதி வயரின் நுனியில் இருந்தது. இரண்டு பின்பக்க ஸ்பீக்கர்களில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்க, தாழ் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. சந்தேகம் வந்தால் வயரை ரிசீவரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ் சரியாக இருந்தால் வூஃபரின் கூம்பு வெளியே துள்ளும். பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு இது பொருந்தும். ஐந்தும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். நுனியை உரிக்கும்போது பிசிறும் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ரிசீவர் தற்காப்புக்காக அணைந்துவிடும். நுனிகளுக்கு ஈயப் பற்று வைத்துத் திருகிலே இறுக்குவது நல்லதல்ல. ஈயம் மெல்ல அமுங்கி, திருகு தளர்ந்துவிடும். முறுக்கிய வெறும் செம்பு போதும், அடிக்கடி கழற்றுபவர்களுக்கு, திருகாமல் செருகி எடுக்கும் 4 மில்லிமீட்டர் பனானா பிளக் வசதி. அது வசதிக்குத்தான், ஒலிக்கு அல்ல.

கருவிகளுக்கிடையே படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டு போகும் எச்டிஎம்ஐ கேபிளின் கதை வேறு. அதில் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் மலிவான கேபிளும் விலை உயர்ந்ததும் ஒரே படத்தையும் ஒரே ஒலியையுமே தரும். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் அறுந்து அறுந்து வரும், அல்லது இருண்டுவிடும். ‘நிறம் இன்னும் செழுமை’, ‘பேஸ் இன்னும் ஆழம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. வாங்கும்போது 2.0, 2.1 என்ற பதிப்பு எண்களைப் பார்ப்பதைவிடக் கேபிளின் வகுப்புப் பெயரைப் பாருங்கள். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 18 கிகாபிட், 4கே படத்துக்கு அது போதும். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48 கிகாபிட், புதிய விளையாட்டுக் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு. சான்று பெற்றவற்றின் உறையில் செல்போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டி இருக்கும். இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு அந்த ஒட்டி உள்ள மலிவான கேபிளை வாங்கிவிட்டு நகரலாம்.

நீளம் கூடினால்தான் தலைவலி. 10 மீட்டர் தள்ளி புரொஜெக்டருக்குச் செம்பு எச்டிஎம்ஐ கேபிளை நம்ப முடியாது. அங்கே உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு. எந்த முனை ரிசீவருக்கு, எது திரைக்கு என்று முனையிலேயே எழுதியிருக்கும். இதைப் படிக்காமல் சுவருக்குள் இழுத்துப் பூசிவிட்டுப் பிறகு பூச்சை உடைத்தவர்கள் உண்டு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வயரிங்குக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப்பில் எச்டிஎம்ஐ பிளக் நுழையாது, நுழைந்தாலும் முதல் வளைவில் நிற்கும். ஒன்றரை இஞ்ச் பைப் போட்டு, கூர்மையான முழங்கைக்குப் பதில் நீண்ட வளைவுகள் வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். கேபிளின் தரம் சில ஆண்டுகளில் மாறிக்கொண்டே இருக்கும், பைப் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

டிவியிலிருந்து ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ ஒலியைக் கொண்டு வர, ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்துங்கள், டிவியின் ஒலி அதன் வழியாகத் திரும்பி வரும். 1983இல் தோஷிபா கொண்டு வந்த, ஒலிக்கு மட்டுமேயான ஆப்டிகல் கேபிளுக்கு இன்னும் பெரும்பாலான டிவிகளில் துளை இருக்கிறது, ஆனால் அது சுருக்கிய 5.1 ஒலியோடு, அதாவது ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபரோடு நின்றுவிடும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் அட்மாஸ் அதில் வராது. தங்க முலாம் பூசிய ஆப்டிகல் கேபிளும் விற்கிறார்கள். ஒளி போகும் வழிக்குத் தங்கம் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சப்வூஃபருக்குப் போவது மிகச் சிறிய மின்னோட்டம், அங்கே பருமன் முக்கியமில்லை, வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கும் கவசம்தான் முக்கியம். டிஷ் ஆன்டெனாவுக்கு இழுக்கும் ஆர்.ஜி.6 கேபிள் ஒரு துண்டு, இரண்டு முனைக்கும் அந்தக் கேபிளின் எஃப் பிளக்கிலிருந்து சப்வூஃபரின் ஆர்.சி.ஏ. துளைக்கு மாற்றும் சிறு இணைப்பான்கள், இவ்வளவே போதும். சப்வூஃபர் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகினால் உடனே விலை உயர்ந்த கேபிளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். முனகல் நின்றால், மொட்டை மாடி வழியாக வரும் அந்த ஒயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்த ஒயரின் வழியில், இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்கும் ஓர் ஐசொலேட்டர் போட்டால் தீரும். கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுவதும் பல வீடுகளில் பலன் தரும். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் முனகல் நிற்கும் என்று யோசனை சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். முனகல் நிற்கலாம், ஆனால் கருவியில் மின்கசிவு வந்தால் அதைத் தொடுபவருக்குப் பாதுகாப்பு இராது.

மைத்துனர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாம் முடிந்தது. பின்னாலும் மழை கொட்டியது. கடற்கரைக்குப் பக்கத்து வீடு என்பதால் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கும், வருடம் ஒருமுறை நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாக உரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கென்று எல்லா முனையிலும் ஒரு முழம் கூடுதலாகச் சுருட்டி வைத்தோம். மிச்சமிருந்த பத்து மீட்டரை அவர் மாமியார் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டார்.